காற்று ஓய்ந்த பின் வந்த வெப்பம்: 2012 டெரேச்சோ புயலும் மின்தடையும் – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் 2012 ஜூன் 29 பிற்பகலில் திரண்ட இடிமழை மேகங்கள், நள்ளிரவைத் தாண்டியபோது அட்லாண்டிக் கரையை எட்டியிருந்தன. இடைப்பட்ட சுமார் 1,100 கிலோமீட்டர் தொலைவில் பத்து மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் இருந்தன. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் செயலிழந்தன. காற்றின் நேரடித் தாக்குதலில், பெரும்பாலும் மரங்கள் விழுந்து, 13 பேர் இறந்தனர். அந்நாட்டின் தேசியப் பெருங்கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம் பின்னர் வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கை இன்னோர் எண்ணையும் இதனுடன் சேர்க்கிறது: புயலைத் தொடர்ந்த நாட்களில், மின்சாரம் இல்லாத பகுதிகளில், வெப்பத்தால் 34 பேர் இறந்தனர்.

புயலைப் பற்றிய பேச்சு வழக்கமாக முதல் எண்ணோடு முடிந்துவிடும். காற்றின் வேகம், முறிந்த மரங்கள், சாய்ந்த கம்பங்கள் ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. படம் பிடிக்கத் தக்கவை. மூடிய வீட்டுக்குள், காற்றோட்டமற்ற அறையில், நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நேரும் மரணத்துக்குப் படமும் இல்லை, துல்லியமான நேரமும் இல்லை. ஆயினும் இந்நிகழ்வில் ஆராயத் தக்கது அந்த இரண்டாம் எண்ணே என்பது இவ்வாய்வின் நிலைப்பாடு. கோடைப் புயலைக் கிளப்பும் வெப்பமும், புயல் போன பிறகு மக்களைக் கொல்லும் வெப்பமும் ஒன்றே. இரண்டுக்கும் இடையில் மின்சாரம் என்னும் காப்பு மட்டும் அகற்றப்படுகிறது. அந்தக் காப்பு எவரிடம் எவ்வளவு இருந்தது, எவருக்கு எப்போது திரும்பி வந்தது என்பதைப் பொறுத்தே இழப்பு பங்கிடப்பட்டது.

வெப்பம் கிளப்பிய காற்று

நேர்கோட்டில் நெடுந்தொலைவு வீசிச் செல்லும் இவ்வகை இடிமழைக் காற்றுக்கு டெரேச்சோ என்று பெயர். 'நேர்' என்ற பொருள் தரும் இந்த ஸ்பானியச் சொல்லை, சுழல்காற்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதற்காக, அயோவாவைச் சேர்ந்த அறிவியலாளர் குஸ்தாவஸ் ஹின்ரிக்ஸ் 1888-இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மறந்துகிடந்த சொல்லை, 1987-இல் இரு வானிலை ஆய்வாளர்கள் மீட்டெடுத்து, குறைந்தது 400 கிலோமீட்டர் நீளத்துக்குச் சேதம் விளைவிக்கும் காற்று என்ற வரையறையை அளித்தனர். 2012-க்கு முன்பு அமெரிக்கப் பொதுமக்களுள் பெரும்பாலோர் இச்சொல்லைக் கேள்விப்பட்டதில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. பெயரே தெரியாத ஆபத்துக்கு ஆயத்தம் செய்வது அரிது.

அன்றைய வானிலை அமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. நாட்டின் தெற்குப் பகுதியின் மேல் வலுவான உயர் காற்றழுத்தம் நிலைகொண்டு, அதன் கீழ் வெப்பக் காற்று தேங்கியிருந்தது. வாஷிங்டனில் அன்று பதிவான 104 பாகை ஃபாரன்ஹீட், அதாவது 40 பாகை செல்சியஸ், ஜூன் மாதத்தில் அந்நகரம் அதுவரை கண்டிராத வெப்பம். தரையை ஒட்டிய காற்று சூடும் ஈரமும் மிகுந்திருக்க, மேலே குளிர்ந்த காற்று இருந்தால், கீழ்க்காற்று மேலெழும் விசை பன்மடங்காகும். இத்தகைய வெப்பக் குவியலின் வடக்கு விளிம்பில் உருவாகும் இடிமழை, மழையால் குளிர்ந்து கனத்த காற்றைத் தரையை நோக்கிக் கொட்டுகிறது. அது முன்னோக்கிப் பரவி, எதிரே நிற்கும் சூடான காற்றின் அடியில் புகுந்து அதை மேலே தள்ள, புதிய மேகங்கள் எழுகின்றன. அவை மீண்டும் குளிர்காற்றைக் கொட்டுகின்றன. எதிரே சூடும் ஈரமும் கிடைக்கும் வரையில் இந்தச் சங்கிலி அறுவதில்லை. அன்று அது கடல் வரை கிடைத்தது. இண்டியானாவின் ஃபோர்ட் வேய்ன் விமான நிலையத்தில் மணிக்கு 146 கிலோமீட்டரும், வாஷிங்டனை அடுத்த டல்லஸ் விமான நிலையத்தில் மணிக்கு 114 கிலோமீட்டரும் காற்றின் வேகம் பதிவாயின. அப்பலாச்சிய மலைத்தொடரைக் கடக்கும்போது புயல் வலுவிழக்கும் என்ற பொதுவான எதிர்பார்ப்பு அன்று பொய்த்தது.

சூறாவளிக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு கால அவகாசம். கடலில் உருவாகும் சூறாவளியைப் பல நாட்களுக்கு முன்பே பின்தொடரலாம். டெரேச்சோவின் முழு வீச்சு முந்தைய நாள் கணிப்புகளில் தெளிவாகத் தெரியவில்லை. அது நெருங்கியபோது விடுக்கப்பட்ட எச்சரிக்கைகள் சராசரியாக அரை மணி நேரத்துக்கும் சற்று அதிகமான முன்னவகாசம் தந்தன. வீட்டுக்குள் ஒதுங்குவதற்கு அது போதும். ஆயிரக்கணக்கான மின்பணியாளர்களை வெளி மாநிலங்களிலிருந்து வரவழைத்து நிறுத்துவதற்குப் போதாது.

இரண்டாம் வேறுபாடே இவ்வாய்வுக்கு முக்கியமானது. பெரும் சூறாவளிக்குப் பின்னர் சில நாட்கள் வானம் மூடியிருந்து வெப்பம் தணிவது உண்டு. டெரேச்சோவோ வெப்பக் குவியலின் விளிம்பை உரசிச் செல்கிறது. குவியல் அப்படியே நிற்கிறது. வாஷிங்டனில் ஜூன் 28 முதல் ஜூலை 8 வரை தொடர்ச்சியாகப் பதினொரு நாட்கள் வெப்பம் 95 பாகை ஃபாரன்ஹீட்டையோ (35 பாகை செல்சியஸ்) அதற்கு மேலோ எட்டியது. ஜூலை 7 அன்று 105 பாகையைத் தொட்டது. புயல் அந்தப் பதினொரு நாட்களின் இரண்டாம் நாள் இரவில் வந்து போன ஒன்று. மின்தடையின் காலமும் வெப்ப அலையின் காலமும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின.

கம்பியும் கிளையும்

மின் உற்பத்தி நிலையங்களுக்கு அன்று பெரிய சேதம் இல்லை. பல உயர் அழுத்தத் தடங்கள் பாதிக்கப்பட்டாலும், மின்தடையின் பெரும்பகுதி, தெருக்களில் மரங்களுக்கிடையே மரக்கம்பங்களில் செல்லும் பகிர்மானக் கம்பிகளில் நேர்ந்தது. கோடையில் மரங்கள் முழு இலையுடன் நிற்கின்றன. இலை மூடிய கிளைகள் காற்றைப் பாய்மரம் போல ஏற்கின்றன. குளிர்காலத்தில் அதே வேகக் காற்றை மொட்டைக் கிளைகளின் ஊடே கடத்திவிடும் மரம், கோடையில் வேரோடு பெயர்கிறது.

மின் நிறுவனங்கள் கிளை வெட்டும் பணியைச் சரிவரச் செய்யவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போது பரவலாக எழுந்தது. சில இடங்களில் அதற்கு அடிப்படையும் இருந்தது. ஆனால் கிளை வெட்டும் உரிமை கம்பியின் இருபுறமும் உள்ள ஒரு குறிப்பிட்ட அகலத்துக்கு மட்டுமே பொருந்தும். பெரும் காற்றில் கம்பியின் மேல் விழுபவை பெரும்பாலும் அந்த அகலத்துக்கு அப்பால், தனியார் நிலத்தில் நிற்கும் உயரமான மரங்கள். நிழலுக்காக மரத்தைப் போற்றும் அதே வீட்டுக்காரர்தான் மின்தடைக்காக நிறுவனத்தைக் கடிந்துகொள்கிறார். இரண்டிலும் அவர் பக்கம் நியாயம் இருப்பதே இச்சிக்கலைத் தீர்க்க முடியாததாக்குகிறது.

இங்கே எண்ணிக்கை பற்றி ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. '40 லட்சம் வாடிக்கையாளர்கள்' என்னும்போது எண்ணப்படுவது மின் அளவிகளே தவிர மனிதர்கள் அல்லர். ஒரு வீட்டில் ஐவர் இருந்தாலும் ஓர் அளவி. ஒரே அளவியில் இயங்கும் முதியோர் இல்லத்தில் நூறு பேர் இருந்தாலும் ஓர் அளவி. பூட்டிக் கிடக்கும் கடையும், மூச்சுக்கருவியோடு ஒருவர் படுத்திருக்கும் வீடும் அந்தப் பட்டியலில் ஒரே எடை கொண்டவை.

யார் வரிசையில் எங்கே

மின்சாரத்தை மீட்டளிக்கும் பணிக்கு எழுதப்பட்ட ஒழுங்கு உண்டு. முதலில் உயர் அழுத்தத் தடங்களும் துணை மின்நிலையங்களும் சரிசெய்யப்படும். அடுத்து மருத்துவமனை, குடிநீர் நிலையம், காவல் மற்றும் தீயணைப்பு நிலையங்களுக்குச் செல்லும் தடங்கள். அதன்பின் ஒரே பழுதுநீக்கத்தில் அதிகம் பேருக்கு ஒளி தரக்கூடிய ஃபீடர்கள், அதாவது துணை மின்நிலையத்திலிருந்து ஒரு பகுதி முழுவதற்கும் மின்சாரம் கொண்டுசெல்லும் முதன்மைத் தடங்கள். பிறகு கிளைத்தடங்கள். கடைசியாகத் தனித்தனி வீடுகள். பொறியியல் நோக்கில் இதில் குறை காண இயலாது. மேல்நிலைத் தடம் உயிர் பெறாமல் கீழ்நிலைக் கம்பியைக் கட்டி என்ன பயன்?

ஆயினும் 'ஒரு மணி நேர உழைப்புக்கு எத்தனை இணைப்பு' என்ற அளவுகோல், யார் கடைசியில் நிற்பார் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. அடர்ந்த குடியிருப்பில் ஒரு கம்பத்தை நிமிர்த்தினால் சில நூறு வீடுகள் ஒளிபெறும். மலைப்பள்ளத்தாக்கில் அதே உழைப்புக்கு மூன்று வீடுகள். மேற்கு வர்ஜீனியாவில் நிகழ்ந்தது இதுவே. மலைச்சரிவுகளின் வழியே, சாலையை விட்டு விலகிக் காட்டுக்குள் செல்லும் நீண்ட கம்பிகள். அவற்றை அடையவே விழுந்த மரங்களை அறுத்து வழி செய்ய வேண்டியிருந்தது. அந்த வாரத்தில் மேலும் இடிமழைகள் வந்து, சரிசெய்தவற்றுள் சிலவற்றை மறுபடி சாய்த்தன. பலருக்கு ஒரு வாரத்துக்கு மேலாகியும் மின்சாரம் வரவில்லை. அந்த மாநிலத்தின் மக்கள்தொகை நாட்டிலேயே முதியோர் விகிதம் மிகுந்தவற்றுள் ஒன்று; வருமானத்தில் கீழ்வரிசையில் இருப்பது. வரிசையின் கடைசியில் நின்றவர்களும், காத்திருக்கும் வலிமை குறைந்தவர்களும் பெரும்பாலும் ஒரே மக்களாக இருந்தனர். எவரும் அப்படித் திட்டமிடவில்லை. மீட்புப் பணிக்கு எழுதப்பட்ட ஒழுங்கே அந்த விளைவைத் தந்தது.

மின்தடை அங்கே மின்தடையாக மட்டும் நிற்கவில்லை. மலைப்பகுதிகளில் குடிநீர் உயரத்துக்கு ஏற்றப்பட்டே வழங்கப்படுகிறது. பம்பு நின்றதும் தொட்டி காலியானது. தனிக் கிணறு வைத்திருந்தவர்களின் மோட்டாரும் ஓடவில்லை. பெட்ரோல் நிலையங்களின் நிலத்தடித் தொட்டியில் எரிபொருள் இருந்தும் மேலே ஏற்ற மின்சாரம் இல்லை. ஆகவே காரை எடுத்துக்கொண்டு குளிர்ந்த இடம் தேடிப் போக நினைத்தவர்களும், ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களும் ஒரே வரிசையில் நின்றனர். அட்டைக் கருவிகள் இயங்காத கடைகளில் கையில் ரொக்கம் இருந்தவர்களே பொருள் வாங்க முடிந்தது. மாதத்தின் தொடக்கத்தில் வாங்கிக் குளிர்பெட்டியில் அடுக்கிய உணவு கெட்டுப்போனால், அடுத்த உதவித்தொகை வரும்வரை வேறு வழியில்லாத குடும்பங்களுக்கு, மின்சாரம் திரும்பிய பிறகும் தடை நீடித்தது எனலாம்.

வெளியிலிருந்து உதவி வருவதற்கான ஏற்பாடும் தடுமாறியது. அமெரிக்க மின் நிறுவனங்கள் பேரிடர்க் காலத்தில் தம் பணியாளர்களை ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும் நெடுநாள் உடன்பாட்டைக் கொண்டுள்ளன. ஆனால் பத்து மாநிலங்கள் ஒரே இரவில் அடிபட்டபோது அண்டை நிறுவனம் ஒவ்வொன்றும் தன் வீட்டுத் தீயை அணைத்துக்கொண்டிருந்தது. தொலைதூர மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் குழுக்கள் சாலை வழியே வந்துசேர்ந்தன. பயணத்திலேயே முதல் நாட்கள் கழிந்தன.

இறந்தவர்கள் யார்

நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மேரிலண்டு, ஒஹாயோ, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா ஆகிய நான்கு மாநிலங்களில் புயலுக்குப் பிந்திய இரு வாரங்களில் நேர்ந்த வெப்ப மரணங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலித்தது. அதன் கணக்கில் 32 மரணங்கள். 1999 முதல் 2009 வரையிலான ஆண்டுகளில் இதே இரு வாரங்களில் இம்மாநிலங்களில் நேர்ந்த வெப்ப மரணங்களின் இடைநிலை எண் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) 8. இறந்தவர்களின் இடைநிலை வயது 65. மிக இளையவருக்கு 28. பலருக்கு இதயநோயோ, நாட்பட்ட சுவாசநோயோ இருந்தது. பெரும்பாலான மரணங்கள், குளிர்சாதனம் இல்லாத வீடுகளுக்குள் நேர்ந்தவை.

இந்த ஆய்வில் எளிதில் கடந்துபோகக் கூடாத ஓர் எண் உண்டு. 32 மரணங்களுள் மின்தடை ஒரு காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது ஏழில் மட்டும், அதாவது 22 விழுக்காட்டில். 'மின்சாரம் இல்லாத பகுதிகளில் 34 பேர்' என்ற முதல் கணக்கோடு இதை வைத்துப் பார்த்தால் முரண்பாடு போலத் தோன்றும். இரண்டும் வேறுவேறு கேள்விகளுக்கான விடைகள். முன்னது, மின்சாரம் இழந்த பகுதியில் இறந்தவர்களை எண்ணுகிறது. பின்னது, இறப்புச் சான்றும் விசாரணைக் குறிப்பும் மின்தடையைக் குறிப்பிட்டனவா என்று பார்க்கிறது. ஒருவர் இறந்த அறையில் ஏசி ஓடவில்லை என்று பதிவு செய்யும் அதிகாரி, அது மின்சாரம் இல்லாமல் நின்றதா, பழுதாகிக் கிடந்ததா, கட்டணத்துக்கு அஞ்சி நிறுத்தப்பட்டதா, ஏசியே இல்லையா என்று எழுதிவைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மேலும், இந்த 22 விழுக்காடு மின்தடையின் பங்கைச் சிறிதாக்குவதாக எடுத்துக்கொள்வது தவறான வாசிப்பாகவே படுகிறது. குளிர்சாதனம் இல்லாத வீட்டில் வாழ்பவர் மற்ற கோடைகளில் எப்படி உயிர்பிழைத்தார் என்று கேட்க வேண்டும். பகலில் கடைத்தொகுதிக்கோ நூலகத்துக்கோ சென்றார். மகள் வீட்டில் இரவு தங்கினார். குறைந்தது மின்விசிறியின் கீழ்ப் படுத்தார். தொலைபேசியில் எவரேனும் விசாரித்தனர். மின்சாரம் ஊர் முழுவதும் போனபோது, சொந்தமாக ஏசி வைத்திருந்தவர் ஏசியை இழந்தார். ஏசி இல்லாதவர் ஊரையே இழந்தார். இந்த இழப்பை எந்த இறப்புச் சான்றும் பதிவு செய்யாது.

வெப்பம் உடலை வருத்தும் முறையும் இதற்கு ஒத்துப்போகிறது. முதியவர்களுக்கு வியர்க்கும் திறன் குறைகிறது. தாகமும் தாமதமாகவே தோன்றுகிறது. சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகள், சில மனநோய் மருந்துகள் ஆகியவை உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழிகளை அடைக்கின்றன. ஒரு நாள் வெப்பத்தை இதயம் தாங்கிவிடும். இரவிலும் அறை குளிராவிட்டால் மறுநாளைக்கு அது களைத்த நிலையில் தொடங்குகிறது. செங்கல் சுவர்கள் பகலில் உறிஞ்சிய வெப்பத்தை இரவில் உள்ளே விடுகின்றன. ஆகவே வெப்ப மரணத்தில் உச்ச வெப்பநிலையைவிடத் தொடர்ச்சியே கொடியது; மின்தடையிலும் அப்படியே. ஆறு மணி நேரத் தடை தொல்லை. நான்கு நாள் தடை மருத்துவ அவசரநிலை.

வீட்டிலேயே ஆக்சிஜன் செறிவூட்டியை நம்பியிருப்பவர்களுக்கு ஆறு மணி நேரமே அதிகம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு வாரத்தில் மூன்று முறை மின்சாரமும் மிகுந்த அளவில் தூய நீரும் ஒருசேரக் கிடைத்தாக வேண்டும். இவர்கள் எந்தெந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது மருத்துவக் காப்பீட்டுக் கணக்குகளில் ஏற்கெனவே இருந்த தகவல். ஆனால் அது மின் நிறுவனத்துக்கும் மீட்புக் குழுவுக்கும் பயன்படும் வடிவில் இல்லை. கருவி சார்ந்து வாழும் முதியவர்களின் எண்ணிக்கையைப் பகுதிவாரியாகத் தொகுத்துப் பேரிடர் அதிகாரிகளுக்கு அளிக்கும் கூட்டாட்சித் திட்டத்தின் சோதனை முயற்சி 2013-இல்தான் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்தது.

ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள் என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. வாகனக் கொட்டகையிலோ சன்னலுக்கு அருகிலோ ஓடும் சிறு ஜெனரேட்டரின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது. தூங்குபவரை எழுப்பாமலே கொல்லக்கூடியது. நீண்ட மின்தடைகளுக்குப் பின் இந்நச்சுப் பாதிப்புகள் திரும்பத் திரும்பப் பதிவாகின்றன.

911 ஒலிக்காத காலை

வடக்கு வர்ஜீனியா நாட்டின் வளமிக்க பகுதிகளுள் ஒன்று. அங்கே நேர்ந்தது வறுமையின் விளைவன்று. மாற்று ஏற்பாடுகளின் மீது வைத்த நம்பிக்கையின் விளைவு. புயல் இரவில் கடந்தது. ஆனால் அவசர உதவி எண்ணான 911 பெரிய அளவில் செயலற்றுப்போனது மறுநாள் காலையில். காரணம் எளியது. தொலைபேசி இணைப்பகங்களுக்கு வெளி மின்சாரம் நின்றதும் ஜெனரேட்டர்கள் ஓட வேண்டும். அவை ஓடும்வரை மின்கலங்கள் தாங்க வேண்டும். இரண்டு முக்கிய இணைப்பகங்களில் ஜெனரேட்டர் ஏற்பாடு பொய்த்தது. ஓரிடத்தில் எரிபொருள் குழாயினுள் காற்றுப் புகுந்திருந்தது. மின்கலங்கள் சில மணி நேரம் சுமையைத் தாங்கிவிட்டு அடங்கின. அவற்றோடு இணைப்பகங்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் கருவிகளும் அடங்கியதால், எது நின்றது, எது ஓடுகிறது என்பதே தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியாமல் போனது.

கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2013 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆறு மாநிலங்களில் 77 அவசர அழைப்பு மையங்கள் ஏதோவொரு வகையில் பாதிக்கப்பட்டன. அவை 36 லட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கானவை. பதினேழு மையங்கள் முற்றிலும் செயலிழந்தன. அவற்றை நம்பியிருந்தோர் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அந்த ஆணையம் இதைத் தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று என்றே கண்டது. அதே ஆண்டு டிசம்பரில், 911 சுற்றுகளின் மாற்றுத்தடங்களையும் இணைப்பகங்களின் மாற்று மின்சாரத்தையும் ஆண்டுதோறும் சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்ற விதி வந்தது. இந்நிகழ்விலிருந்து பிறந்த சீர்திருத்தங்களுள் தெளிவானதும், நிறைவேற்ற எளிதானதும் இதுவே. ஒரு குழாயில் காற்று புகுந்ததா என்பதைச் சோதிக்க முடியும். ஒரு முதியவரை நான்காம் நாளில் யார் போய்ப் பார்ப்பார்கள் என்பதைச் சான்றளிக்க எந்த விதியும் எழுதப்படவில்லை.

அதே இரவில் வடக்கு வர்ஜீனியாவிலிருந்த அமேசான் தரவு மையம் ஒன்று மின்சாரம் இழந்ததால் நெட்ஃபிளிக்ஸ், இன்ஸ்டகிராம் போன்ற சேவைகள் சில மணி நேரம் முடங்கின. செய்திகளில் இதற்குக் கிடைத்த இடத்தை மலைக்கிராமங்களின் வறண்ட குழாய்களுக்குக் கிடைத்த இடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி.

கம்பியைப் புதைக்கும் கணக்கு

ஒவ்வொரு பெரும் மின்தடைக்குப் பிறகும் எழும் கேள்வி, கம்பிகளை ஏன் பூமிக்கடியில் கொண்டுசெல்லக் கூடாது என்பது. வாஷிங்டன் நகர நிர்வாகம் 2012 ஆகஸ்டில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. 2014-இல் சட்டமும் இயற்றியது. ஏறத்தாழ 100 கோடி டாலர் மதிப்பில், அடிக்கடி பழுதாகும் ஃபீடர்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் புதைப்பது திட்டம். முழு நகரத்தையும் புதைப்பதற்கான செலவைக் கட்டணம் செலுத்துவோர் தாங்க இயலாது என்பதே இந்தத் தேர்வுக்குக் காரணம். புதைத்த கம்பிக்கும் வெள்ளமும் அரிப்பும் உண்டு. பழுதைக் கண்டுபிடிக்கவும் தோண்டவும் கூடுதல் காலம் பிடிக்கும். எனினும் மரம் அதிகமுள்ள நகரத் தெருக்களுக்கு இது பொருந்தும் தீர்வே. மலைச்சரிவில் மூன்று வீடுகளுக்குச் செல்லும் கம்பிக்குப் பொருந்தாது. ஆகவே இதன் பயனும் அடர்ந்த பகுதிகளையே முதலில் சேர்கிறது. மீட்பு வரிசையில் முன்னே நின்றவர்கள் முதலீட்டு வரிசையிலும் முன்னே நிற்கின்றனர்.

மேரிலண்டில் கோபம் வேறொரு திசையில் திரும்பியது. அங்கே பெரும் மின்தடையின் முதல் 24 மணி நேரத்தில் விற்க முடியாமல் போன மின்சாரத்துக்கான வருவாயை, பின்னர் கட்டணத்தில் சேர்த்து ஈடுசெய்ய நிறுவனங்களுக்கு அனுமதி இருந்தது. இருளில் இருந்த நாளுக்கும் பணம் கட்ட வேண்டும் என்பது தெரியவந்ததும் மக்கள் கொதித்தனர். ஒழுங்குமுறை ஆணையம் அந்த ஆண்டிலேயே அந்த வழியை அடைத்தது. தொகை பெரிதன்று. ஆனால் மின்தடையின் செலவை யார் சுமப்பது என்ற கேள்வி இங்கேதான் வெளிப்படையாகப் பேசப்பட்டது.

பின்வந்த இரு நிகழ்வுகள்

2020 ஆகஸ்டு 10 அன்று அயோவாவைத் தாக்கிய டெரேச்சோவில், சீடர் ரேப்பிட்ஸ் பகுதியில் காற்று மணிக்கு சுமார் 225 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதாக மதிப்பிடப்பட்டது. இழப்பு 1,100 கோடி டாலர் அளவிலானது. தனியொரு இடிமழைப் புயலுக்கு இது மிக அதிகம். அந்நகரில் மேற்கூரை இழந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களுள் பலர் ஆப்பிரிக்காவிலிருந்தும் பசிபிக் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். அவர்கள் கட்டட வளாகப் புல்வெளியில் கூடாரம் அடித்துப் பல நாட்கள் தங்கினர். உதவி எங்கே கிடைக்கும் என்ற அறிவிப்புகள் இணையத்திலும் ஆங்கிலத்திலும் வந்தன. அவர்களிடம் மின்னேற்றிய கைபேசியும் இல்லை, பலருக்கு அந்த மொழியும் இல்லை. 2012-இல் மலையும் தொலைவும் செய்ததை இங்கே மொழி செய்தது.

2024 ஜூலை 8 அன்று பெரில் சூறாவளி ஹூஸ்டனைக் கடந்தது. வலிமையில் அது முதல் வகைச் சூறாவளி, அதாவது சூறாவளி அளவுகோலின் மிகக் கீழ்ப்படி, மட்டுமே. ஆயினும் அந்நகரின் முதன்மை மின் நிறுவனத்தின் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. தொடர்ந்து கடும் வெப்பம் வந்தது. இரு மாதங்களுக்கு முன்பு, மே 16 அன்று, இதே நகரம் ஒரு டெரேச்சோவில் அடிபட்டு, உயர் அழுத்தக் கோபுரங்களையும் இழந்திருந்தது. அந்தப் புயலுக்குப் பிறகு பழுதாகி அகற்றப்பட்ட, அந்நிறுவனத்தின் இணைய மின்தடை வரைபடம் ஜூலையில் மீண்டும் செயல்படத் தொடங்கியிருக்கவில்லை. எந்தப் பகுதியில் மின்சாரம் இருக்கிறது என்று அறிய விரும்பியவர்கள், ஊரெங்கும் கிளைகள் கொண்ட ஒரு பர்கர் உணவகத்தின் செயலியைத் திறந்து, எந்தக் கிளைகள் திறந்திருக்கின்றன என்று பார்த்து முடிவு செய்தனர். வேடிக்கை போலத் தோன்றினாலும் அது கூர்மையான அறிவு: மின்சாரம் எங்கே இருக்கிறது என்பதை மக்கள் தேடியது ஆவலுக்காக அல்ல, பாட்டியை எங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று தீர்மானிப்பதற்காக.

ஏட்டில் இல்லாத நாட்கள்

அமெரிக்காவில் ஒரு மின் நிறுவனத்தின் நம்பகத்தன்மை, ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டில் சராசரியாக எத்தனை நிமிடம் மின்சாரம் இல்லை என்ற குறியீட்டால் அளக்கப்படுகிறது. இதைக் கணக்கிடப் பரவலாகப் பின்பற்றப்படும், மின் மற்றும் மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ வகுத்த 1366 என்னும் தரநிலை, வழக்கத்துக்கு மிகவும் மாறான பெருந்தடை நாட்களைத் தனியே பிரித்துவிட அனுமதிக்கிறது. நோக்கம் நியாயமானது: ஓர் அசாதாரணப் புயல், ஆண்டு முழுவதும் நடந்த பராமரிப்பின் தரத்தை மறைத்துவிடக் கூடாது. ஆனால் ஒழுங்குமுறை ஆணையங்கள் இலக்கு நிர்ணயிப்பதும், நிறுவனங்கள் முதலீட்டை நியாயப்படுத்துவதும் பெரும்பாலும் இந்த வடிகட்டிய சராசரியைக் கொண்டே. மக்கள் இறப்பது பிரித்து வைக்கப்பட்ட நாட்களில். அந்தச் சராசரி, யார் வீட்டில் எத்தனை நாள் தொடர்ந்து இல்லை என்பதையும் சொல்வதில்லை. பத்து லட்சம் பேருக்கு ஒரு மணி நேரமும், ஆறாயிரம் பேருக்கு ஏழு நாட்களும் அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரே தொகை. இந்தத் தரநிலையின் முறைப்படி, 2012 ஜூன் 29 போன்ற ஒரு நாள் நிறுவனத்தின் ஏட்டில் தனிப்பக்கத்துக்குப் போகும். ஆண்டின் சராசரி அது இல்லாமலே எழுதப்படும்.